அரட்டை எப்போது முடியும்

"அப்ப எங்க அரட்டை எப்ப முடியும்னு உன் புரோகிராம் சொல்லட்டும். சரியா இருந்தா அக்‌ஷயா உனக்கு."

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் டீக்கடையில் வங்காளி நண்பர்களோடு உட்கார்ந்திருந்த வெங்கடநாராயணன் இப்படிச் சொன்னதும், அவர் மகளைப் பெண் கேட்டு வந்த அஸ்வத் லேப்டாப்பைத் திறந்தான். எந்தப் புரோகிராம் ஓடி நிற்கும், எது நிற்காமலே ஓடும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் எழுதியிருப்பதாகப் பீற்றிக்கொண்டது அவன்தான்.

"ஏழு மணிக்கு முடியும், மாமா."

ஏழு மணிக்குக் கிளம்ப எழுந்த நண்பர் பிமல்தா மறுபடி உட்கார்ந்தார். "மெஷின் சொல்லி நாம எழுந்திருக்கணுமா?" இன்னொரு சுற்று டீ வந்தது.

"சொல்றதக் கேட்டுட்டு வேணும்னே மாத்திச் செய்றீங்களே மாமா, இத எந்தப் புரோகிராம் கணிக்கும்?"

"சரி, இன்னொரு தரம் சொல்லு."

வெறுத்துப்போன அஸ்வத் திரையைப் பார்த்துச் சொன்னான்: "இது முடியவே முடியாது."

வெங்கடநாராயணன் துள்ளி எழுந்து செருப்பை மாட்டினார். "இதோ, முடிஞ்சிடுத்து. உன் புரோகிராம் தப்பு, பொண்ணு கிடையாது." கூட்டம் சிரித்தபடி கலைந்தது.

அக்‌ஷயாவிடம் சொல்லிக்கொண்டு போகலாமென்று அஸ்வத் அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த ஜெயலக்ஷ்மி, கணவரைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமை இந்த அரட்டையால இவர் சூடா சாப்ட்டதில்லை. என்ன சொல்லிக் கிளப்பினே?"

சொன்னான்.

"உள்ள வாங்கோ, மாப்பிள்ளை. அந்தப் புரோகிராமை வாராவாரம் ஓட்டணும்."

அஸ்வத் லேப்டாப்பை மெல்ல மூடினான். இரண்டு பதிலும் அவனாக அடித்துவிட்டவை. புரோகிராம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. கல்யாணத்துக்குள்ளாவது அது ஒரு பதில் சொல்லி நிற்குமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?