வெளிநாட்டுச் சதி

“டீயில சீனி கம்மியாப் போடச் சொல்லு. போன தடவை பாயாசம் மாதிரி இருந்துச்சு.”

அடைக்கலம் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சீனி கம்மியாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு ராசாத்தி மாடியேறி வருவதற்குள், கால் வீக்கத்துக்கு ஊசி போட்டுவிட்டார்கள். அவர் உடம்புக்கு ஆகவே ஆகாத ஊசி. போன வருடமே இதே ஆஸ்பத்திரியில் அவள் அதைச் சொல்லியிருந்தாள். “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. இனிமே நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியதே இல்ல” என்று சிரித்தார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. விடுமுறை நாள். டூட்டியில் இருந்தவர் புது டாக்டர். குடும்பத்தோடு குற்றாலம் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் ரெங்கராஜுக்குப் போன் போட்டார்கள். “வைரஸ் அட்டாக்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அவர். அதற்குள் மாடியில் எல்லாம் முடிந்திருந்தது. ராசாத்தியின் கையில் டீ மட்டும் சூடாக இருந்தது.

மறுநாள் ரெங்கராஜ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு டி.வி. மைக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இது சைபர் தீவிரவாதம். எல்லா நோயாளிங்க விவரமும் இருக்குற சர்வரையே முடக்கிட்டானுங்க. இன்னைக்குப் புதுக்கோட்டை, நாளைக்கு டெல்லி! சர்வர் ரூமைப் பூட்டி வச்சிருக்கேன். சைபர் போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு ஈ நுழையக் கூடாது.”

ஊருக்குத் துக்கத்தைவிடப் பெருமைதான் அதிகம். “நம்மூரையும் ஒருத்தன் உலக மேப்புல தேடிக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்கண்ணே” என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். கந்தர்வக்கோட்டையில் ஒரு கட்சிக்காரர் பிளக்ஸே வைத்துவிட்டார்: ‘சைபர் போரில் வீரமரணம் அடைந்த முந்திரி வியாபாரி அடைக்கலம்.’ அடைக்கலம் படத்தைவிடக் கட்சிக்காரர் படம் இரண்டு மடங்கு பெரியது.

வெளிநாட்டுச் சதி என்றால் உள்ளூரில் ஒரு கை வேண்டுமல்லவா? அசாருதீன் கிடைத்தான். அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குச் சர்வீஸ் பார்க்கிறவன். துபாயில் வேலை செய்து திரும்பியவன். இன்னமும் அங்கேயிருந்து போன் வருகிறது. பேசுவது கூடப் பிறந்த அக்கா என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. “அந்த ரூமை மட்டும் தொறந்து விடுங்க சார், ஒரு தடவை பாத்துக்கிறேன்” என்று அவன் கெஞ்சியது வேறு வினையாகிவிட்டது.

“பாத்தீங்களா? தடயத்தை அழிக்கத் துடிக்கிறான்” என்றார் ரெங்கராஜ்.

திருச்சியிலிருந்து சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் அன்புமொழி வந்த அன்று, அசாருதீனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். ராசாத்தி அதற்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றாள். அவளுக்கு வேண்டியது நஷ்ட ஈடு அல்ல. அந்தக் கம்ப்யூட்டரை முடக்கி அவரைக் கொன்றவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

பார்த்தாள். சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

“ஏன்டா, முந்திரிக்கொட்டை ஒடைச்சுப் பொழைச்ச மனுசன் ஒனக்கு என்னடா கெடுதல் பண்ணுனாரு?”

“அல்லா மேல ஆணையா நான் இல்லம்மா. அந்த ரூமைத் தொறக்கச் சொல்லுங்கம்மா. இவுக தொறக்கவே மாட்டேங்குறாக.”

“தொறந்தா நீ மாட்டிக்கிருவடா!”

“விடுங்கம்மா, சட்டம் பாத்துக்கும்” என்றார் ரெங்கராஜ். போட்டோகிராபர் வந்துவிட்டாரா என்று வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அன்புமொழி பூட்டைத் தொட்டுப் பார்த்தார். “கடைசியா இதுக்குள்ள போனது யாரு சார்?”

“நான்தான் மேடம். அன்னைக்குக் காலையில. வேற ஒருத்தர்கிட்டயும் சாவி கெடையாது.”

“நீங்க போனப்ப சர்வர் நல்லா இருந்துச்சா?”

“பிரமாதமா இருந்துச்சு மேடம். நான் வெளிய வந்த பெறகுதான் தாக்கியிருக்கானுங்க. கண்ணுக்குத் தெரியாத எதிரி!” என்று சொல்லிக்கொண்டே, நாடா வெட்டுகிறவர் போலச் சாவியை நீட்டினார்.

கதவு திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர் ஒதுங்கி நின்று, ராசாத்திக்கு வழிவிட்டார். அவள் பார்த்தாள். அசாருதீனின் காலரிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

ஆயுத பூஜைக்கு டாக்டர் தம் கையாலேயே சந்தனம் பூசி, மாலை சாத்தி, ஓய்வு கொடுத்துவிட்டுப் போன சர்வர் இன்னமும் ஓய்வில்தான் இருந்தது. அவர் பிடுங்கிப் போட்ட பிளக், குங்குமப் பொட்டோடு தரையில் அப்படியே கிடந்தது.