ஒசாகாவில் ஒரு சோற்று உருண்டை

முப்பத்தொரு வருடங்களாகக் குணசுந்தரி வைத்த குழம்பில் ஏதாவதொரு குறை சொல்லாமல் திருவேங்கடம் கை கழுவியதில்லை. மகனைப் பார்க்க ஒசாகா வந்த மூன்றாம் நாள், மூவரும் தெருமுனைக் கடைக்குப் போனார்கள். குளிர்ப்பெட்டியில் கிடந்த, கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை ஒன்றை அவர் வாங்கினார். உள்ளே துளி மீன். அங்கேயே நின்று, கண்ணை மூடி மென்றார். பிறகு மகனிடம் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு, கல்லாவில் நின்ற பெண்ணிடம் போய்க் குனிந்து, “ஓய்ஷி, ஓய்ஷி” என்றார்.

“அப்படின்னா என்னடா?”

“ரொம்ப ருசியா இருக்குன்னு அர்த்தம்மா.”

குணசுந்தரி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

“தமிழ்லயும் அதுக்கு வார்த்தை இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றாள்.

தனக்கு மட்டும் ஒரு முட்டை சாண்ட்விச் எடுத்துக்கொண்டு, கல்லாவை நோக்கி நடந்தாள்.