கன்னத்தில் நாலு விரல்

திரையில் கெட்டவனாக வருகிறவர் நேரில் பரம சாது என்றொரு நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. பிழையான நம்பிக்கை. அன்று படப்பிடிப்பில் இருந்த அத்தனை பேரும் இதற்குக் கண்கண்ட சாட்சி.

வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் படப்பிடிப்பு. காட்சி இதுதான்: கணவன் மனைவியை அறைகிறான்.

கணவனாக நடிப்பவருக்குத் தொழில் வட்டாரத்தில் 'தர்ம அடி' என்று பெயர். எந்தப் படமானாலும் கதாநாயகனிடம் உதை வாங்கி மேசைமேல் விழுகிறவர். ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்கி, இப்போதுதான் முதல் தடவையாக அடிக்கிற பக்கத்துக்கு வந்திருந்தார். மனைவியாக ஒரு புதுப் பெண்.

"பொய்யா அறையறதெல்லாம் நமக்கு ஒத்துவராது," என்றார் டைரக்டர். "நிஜமாவே விழணும். கன்னம் சிவக்கணும். என்னம்மா, சரிதானே?"

பெண் தலையாட்டினாள். ஆடிஷனில் 'எதுவானாலும் செய்வேன் சார்' என்று சொல்லிச் சேர்ந்தவள் வேறு எந்தப் பக்கம் ஆட்டுவாள்?

கேமராமேன் லென்சைத் துடைத்தார். மேனேஜர் போனைப் பார்த்தார். மேக்கப் அக்கா மட்டும், "சார், வேணும்னா நான் சிவப்பு வெச்சு..." என்று இழுத்தாள்.

"மேக்கப்ல வர்றது மேக்கப் மாதிரிதான்மா இருக்கும்."

எல்லோரும் தர்ம அடியைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பது ஏகமனதான முடிவாக இருந்தது.

"செஞ்சிடலாம் சார்," என்றார் அவர். "கேமராவை மட்டும் என் முதுகுக்குப் பின்னாடி வெச்சிடுங்க. அப்பத்தான் கூச்சமில்லாம கை வீச வரும்."

"அடப்பாவி," என்றாள் மேக்கப் அக்கா, அவர் காதில் விழும்படியாகவே.

அவர், "வசனம் பாத்துக்கலாம் வாம்மா," என்று பெண்ணை மேக்கப் அறை வழியாக மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது வலது கையை இறுக்க மூடியிருந்தார்.

"இப்பவே முறுக்கேத்தறான் பாரு," என்றார் கேமராமேன்.

ஹால் சின்னது. அத்தனை பேரும் கேமராவுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள்.

"ஆக்‌ஷன்."

சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு சத்தம். பெண்ணின் தலை ஒருபுறம் திரும்பி, உடம்பு சோபாவில் சரிந்தது. கன்னத்தில் நாலு விரலும் எண்ணிவிடலாம் போலப் பதிந்திருந்தன.



"கட்," என்றார் டைரக்டர், மனம் குளிர்ந்து. "சாப்பிட்டு வந்து, கன்னத்துக்கு மட்டும் ஒரு க்ளோசப்."

தர்ம அடி நேரே குழாயடிக்குப் போனார்.

"பாவத்தைக் கழுவப் போறார்," என்றார் கேமராமேன்.

சாப்பாட்டில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "மனுஷனா அவன்?" "சொன்னாங்கன்னா செஞ்சிடறதா?" என்று பந்தி முழுக்க இதே பேச்சு. டைரக்டருக்கு மேனேஜரே நின்று பரிமாறினார். பரிமாறிவிட்டு தர்ம அடியிடம் வந்தார்.

"திங்கட்கிழமை ஆடிஷனுக்கு உங்க பேரை நான்தான் சொன்னேன். இப்ப என்னையே யோசிக்க வைக்கிறீங்களே."

அது ஒரு வாத்தியார் வேடம். படம் முழுக்க வருகிற ஆள். யாரையும் அடிக்க வேண்டாம், யாரிடமும் அடி வாங்கவும் வேண்டாம்.

தர்ம அடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

உள்ளே, மேக்கப் அக்கா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பெண்ணின் கன்னத்தில் ஒற்றினாள். "அந்தக் கை விளங்குமா?"

துணி சிவந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தம் என்றே நினைத்தாள். பதறித் துடைத்தாள். இரண்டு விரல் காணாமல் போயிற்று. கீழே கன்னம் காலையில் இருந்தபடியே இருந்தது.

"அக்கா, சத்தம் போடாதீங்க," என்றாள் பெண். "உங்க டப்பாதான். போற வழியில அவர் எடுத்துக்கிட்டார். கை கன்னத்துல சும்மா ஒத்துச்சு, அவ்வளவுதான். சத்தம் நான் போட்டது." இடுப்புக்கு நேராக இரண்டு கைகளையும் ஓசையில்லாமல் தட்டிக் காட்டினாள். "அதை அவர் உடம்பு மறைச்சிடுச்சு. இத்தனை வருஷமா அவர் அப்படித்தான் அடி வாங்கறாராம்."

அக்கா வாய் திறப்பதற்குள் வெளியே டைரக்டரின் குரல் கேட்டது.

"கன்னத்துல யாரும் கை வைக்காதீங்க. நான் வந்து பாக்கறேன். சிவப்பு போயிருந்தா இன்னொரு தடவை அறையச் சொல்லணும்."

பெண் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து நீட்டினாள். அக்கா தன் இரண்டு விரல்களை அதில் தோய்த்து, அழிந்த இடத்தில் அழுத்தி வைத்தாள்.

டைரக்டர் வந்தார். குனிந்தார். கன்னத்தை ரசித்துப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. இந்தச் சிவப்பை உங்க டப்பாவால கொண்டுவர முடியுமா?"

"முடியாதுங்க சார்," என்றாள் மேக்கப் அக்கா.

அவர் பின்னாலேயே அவளும் வெளியே வந்தாள். தர்ம அடி தட்டை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நேராக அவர் முன்னால் போய் நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி விரலை நீட்டினாள்.

"கையாய்யா அது, உலக்கையா? அந்தப் பொண்ணு கன்னம் வீங்கிக் கெடக்கு. நெஞ்சுல ஈரம் இருக்கிறவன் செய்யற காரியமா இது?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டிய விரலைப் பார்த்தார். நுனி சிவந்திருந்தது.

"தப்புதான்க்கா," என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்.