மஞ்சள் எடுக்குமா?

“மஞ்சளா? கறுப்புக்கு மஞ்சள் எடுக்காதுடி! போய் அந்த ரோஸ் கலரு பொடவையக் கட்டு.”

கையிலிருந்த சீப்பாலேயே மகளை மிரட்டினாள் பெரியம்மாள். செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற வேலை அவளுக்கு. நிறத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை.

“நாள்பூரா பொம்மைக்குக் கலரு அடிக்கிறவ நானு. எதுக்கு எது எடுக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“நானும் பொம்மைங்களுக்குத்தாம்மா துணி உடுத்தி வுடுறேன்,” என்றாள் வெண்பா.

உண்மைதான். போனுக்குள் வானவூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு பொம்மை உருவம் வைத்துக்கொள்கிறார்கள். அவதார் என்று அதற்குப் பெயர். பார்ட்டிக்குப் போகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், சிலர் கல்யாணமே செய்துகொள்கிறார்கள். அத்தனை பேருக்கும் உடுத்தத் துணி வேண்டுமே! விருத்தாசலத்து வீட்டில் உட்கார்ந்தபடியே பாவாடை, தாவணி, பட்டு எல்லாம் லேப்டாப்பில் வரைந்து அந்த ஊரில் கடை நடத்துகிறாள் வெண்பா.

இன்று வானவூரின் ஆண்டு விழா. கடைக்காரர்கள் தாங்கள் வரைந்த உடை ஒன்றை நிஜமாகவே தைத்து உடுத்தி, நேரலையில் முகம் காட்ட வேண்டும். முகம் காட்டாதவர்களுக்கு இனிமேல் கடை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வெண்பாவுக்கு அங்கேதான் சிக்கல். அவளுடைய அவதார் பால் நிறம். ‘பேருல மட்டும்தான் வெள்ளை’ என்று ஸ்கூலில் கேலி கேட்டு வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்? வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்தப் பால் நிறத்தைத்தான் வெண்பா என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!” என்று கணவனைத் துணைக்கு இழுத்தாள் பெரியம்மாள்.

தங்கராசு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் பாலக்கரை வழியாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வார். மகளின் வேலையைப் பற்றி அவர் இதுவரை கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அந்த ஊருக்கு எப்படிப் போறது பாப்பா?” “பஸ்ஸு கெடையாதுப்பா, போனுலதான் போவணும்,” என்று சிரித்துக்கொண்டே அவளும் காட்டிக்கொடுத்தாள். அதோடு சரி.

“அவ இஷ்டம், வுடு. போயிட்டு வரேன்,” என்று போனைச் சட்டையின் மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பெத்த பொண்ணுக்கு நல்லது கெட்டது சொல்ல வாயி வருதா பாரு!” என்று முணுமுணுத்தாள் பெரியம்மாள்.

“மஞ்சள்தாம்மா உடுத்தப் போறேன். மயிலு சொல்லிட்டாங்க.”

“யாருடி அது மயிலு?”

“என் மொத கஸ்டமரு.”

கடை திறந்த புதிதில், ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்தவள் மயிலு. ஊரே பால் நிறத்தில் பளபளக்க, இவள் மட்டும் கன்னங்கரேல் என்று வந்து நின்றாள். அச்சு அசல் வெண்பாவின் நிறம். கேட்டதோ மஞ்சள் பாவாடையும் கிளிப்பச்சைத் தாவணியும். வெண்பா பிறந்ததிலிருந்து தொடப் பயந்த கலர்கள். தயங்கித் தயங்கித்தான் உடுத்திவிட்டாள். அம்மாடி, என்ன அழகு! அதைப் பார்த்துவிட்டு, கறுப்பு உருவங்கள் ஒவ்வொன்றாக அவள் கடையைத் தேடி வரத் தொடங்கின.

மயிலு குரல் கொடுத்துப் பேச மாட்டாள், கூச்சமாம். வாயால் சொல்வதை போனே எழுத்தாக்கி அனுப்பும். அதனால் நடுவில் என்னென்னவோ புகுந்துவிடும்.

“‘ரவிக்கையில மேல் பாக்கெட் வைங்க மேடம் கொஞ்சம் ஒட்டி உக்காருங்க’ன்னு ஒருவாட்டி அனுப்பிட்டாங்கம்மா. பால்வாடி டீச்சரா இருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.”

“ரவிக்கையில எவளாவது பாக்கெட் வைப்பாளா?”

“அவங்களுக்கு எல்லா டிரஸ்ஸுலயும் வேணும், வெச்சுதான் குடுப்பேன். அவங்க என்ன கேட்டாலும் செய்வேம்மா. நான் தைரியமா கண்ணாடி பாக்குறதே அவங்களாலதான்,” என்றாள் வெண்பா.

பெரியம்மாள் சீப்பை வைத்துவிட்டு, தைத்து வைத்திருந்த மஞ்சள் பாவாடையும் கிளிப்பச்சைத் தாவணியும் உடுத்தி வந்த மகளின் தாவணி மடிப்பை நீவிவிட்டாள்.

கேமராவின் முன் உட்கார்ந்த வெண்பா, பொத்தானை அழுத்தினாள். பவுடர்கூடப் பூசாத அவள் முகம் திரையில் தெரிந்தது. கமெண்ட் ஒன்றும் வரவில்லை.

“வணக்கங்க. நான்தான் வெண்பா. நெசத்துல என் கலரு இதுதாங்க. இந்த மஞ்சள என்னை உடுத்த வெச்சது மயிலுன்னு ஒருத்தவங்க. அவங்க இல்லன்னா இன்னிக்கு இந்த மூஞ்சிய நான் காட்டியிருக்க மாட்டேன். எந்த ஊருல இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும். ரொம்ப நன்றிங்க.”

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் திரை முழுக்க இதயங்கள் கொட்டத் தொடங்கின. ‘அந்தப் பாவாடை எனக்கும் வேணும்’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பெரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எடுக்கத்தான்டி செய்யுது. அந்த மயிலு மவராசி தீர்க்க சுமங்கலியா இருக்கணும்!”

அப்போதுதான் மயிலுவிடமிருந்து வந்து விழுந்தது, வழக்கம்போல் கமாவோ புள்ளியோ இல்லாமல்:

“மஞ்ச சூப்பரா எடுக்குது பாப்பா எனக்கு அப்பவே தெரியும் அழுவாத பாலக்கரை வந்துட்டுது எறங்குறவங்க எறங்குங்க ஜங்ஷன் போறவங்க மட்டும் உக்காருங்க”