பனியில் ஓர் அடிமட்டம்

கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. மகளைக் கொண்டுவந்து விட்ட பேனாட், கோடு கீறும் மர அடிமட்டம் ஒன்றையும் றொஷினி ரீச்சரிடம் நீட்டுகிறார். "கண்ணை மட்டும் விட்டிட்டு மற்ற எல்லா இடமும் அடியுங்கோ, ரீச்சர்." அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விளையாட்டாக எழுத்தறிவித்த இத்தாலிய ஆசான் விற்றோரினோவைப் பற்றிய புத்தகம் ரீச்சரின் மேசையில் விரிந்து கிடக்கிறது. அதை மூடிவைக்கிறாள். "தாங்கோ" என்று அடிமட்டத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு வெளியே நடக்கிறாள். வெயிலில் கண் கூசும் பனியில், அடிமட்ட நுனியால் முற்றம் நிறைய 'அ' கீறுகிறாள். பிள்ளைகள் அதன் வளைவுகளில் கூச்சலிட்டபடி ஓடுகிறார்கள். பார்த்து நிற்கும் பேனாட்டிடம் அடிமட்டத்தை நீட்டுகிறாள். "ஆவன்னாவை நீங்கள் கீறுங்கோ, அண்ணை." அவர் கை நீட்டுகிறார். அடி வாங்கப்போகும் பிள்ளையைப் போல உள்ளங்கை விரிகிறது; முகம் மறுபக்கம் திரும்புகிறது.