மாலைக்கு ஒரு முகம்

"பேயா நடிக்கிறேன் ஜீவன். சுடுகாட்டுல படுக்கச் சொல்லு, படுக்கிறேன். ஆனா என் போட்டோவுக்கு மாலை போடுற வேலை மட்டும் வேணாம்!"

தலைவிரி கோலம், முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, உதட்டோரம் ரத்தம். அந்த வேஷத்தில் நின்றுகொண்டு சாவுக்குப் பயப்படுவது குமுதாவுக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் பயம் பயம்தானே.

கிள்ளானில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பலகை வீடு. தொலைக்காட்சிப் பேய்த் தொடரின் முதல் பாகம். செத்துப்போய்ப் பேயாக வரும் மருமகளின் படத்துக்கு மாலை போடும் காட்சியில்தான் கதையே தொடங்குகிறது. பொழுது சாய்வதற்குள் வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மருமகளின் படத்துக்குத்தான் ஆள் இல்லை.

"பேய்க்கு முகமே தெரியாதே, முழுக்க முடிதானே! வேற யாரு படத்தையாவது வையேன்" என்றாள் குமுதா.

"யாரு குடுப்பா?"

இயக்குநர் ஜீவன் சுற்றிலும் பார்த்தான். ஒப்பனை போடும் பெண், தனக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றாள். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒன் பொண்டாட்டி படம் இருக்குமில்ல?"

"அலாமாக்! நான் வீட்டுக்குப் போக வேணாமா?"

"அப்ப கம்ப்யூட்டர்ல ஒரு முகம் செஞ்சுக்கலாம்."

"சேனல்ல அது கூடாதுன்னு சொல்லிட்டாங்க." ஜீவனின் குரல் மாறியது. "இங்க பாரு குமுதா. ஒன் படம் வந்தாகணும். இல்லன்னா நாளையிலேருந்து அந்த முடிக்குள்ள வேற ஆளு."

குமுதா பல வருஷமாக நர்ஸாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வந்து ஒற்றை வசனம் பேசிவிட்டுப் போனவள். இப்போதுதான் ஒரு பெரிய வேஷம் வாய்த்திருக்கிறது. போனைத் திறந்து தன் படங்களைத் தள்ளிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. நான் ஒண்ணு கொண்டாறேன்."

சொன்னவர் திருச்செல்வம். படப்பிடிப்புக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவருகிறவர். எல்லாருக்கும் செல்வம் அண்ணே. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், சட்டம் போட்ட ஒரு படத்தோடு திரும்பி வந்தார். படத்தில் ஒரு பெண், பளிச்சென்று சிரித்தபடி இருந்தாள்.

"யாருண்ணே இவங்க?" என்று கேட்டான் ஜீவன்.

"என் சம்சாரம். தாமரை."

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் இவர் மாமியாருக்குப் போன் போடுவது அத்தனை பேர் காதிலும் விழுகிற சங்கதி. 'ஆமா அத்தே, தாமரைகிட்டப் பேசினேன். சிங்கப்பூர்ல ஓவர்டைமாம். நல்லாத்தான் இருக்கா.'

தன் தலை தப்பியதில் குமுதாவுக்கு நிம்மதிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவ அங்க கெடந்து ஒழைக்கிறா. இவரு இங்க உசுரோட இருக்கிறவளுக்கு மாலை போடக் கெளம்பிட்டாரு. என்ன மனுஷன்லா இவரு?"

ஒப்பனைப் பெண்ணிடம்தான் சொன்னாள். ஆனால் செல்வத்துக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். அவர் படத்தைச் சுவரில் மாட்டினார்.

"பிளாஸ்டிக் மாலை இருக்குண்ணே" என்றான் ஜீவன்.

"வேணாம் தம்பி. வர்ற வழியில தெங்கு கிளானா தெருப் பூக்கடையில நெருக்கமாக் கட்டச் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்." பையைப் பிரித்தார். மல்லிகை வாசம் வீட்டை நிறைத்தது. "காட்சியில கை மட்டுந்தானே தெரியும்? நானே போடட்டுமா?"

ஜீவன் தலையாட்டினான். கேமரா ஓடத் தொடங்கியது.

செல்வம் செருப்பைக் கழற்றினார். குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். படத்தின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்தார். பிறகு அந்தக் கை, படத்தின் கன்னத்தருகே அப்படியே நின்றுவிட்டது.

'கட்' சொல்ல வேண்டிய ஜீவன் வாயைத் திறக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த யாசின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இத்தனை நாள் பேய் வேஷம் போட்டு எவருக்கும் வரவழைக்க முடியாத சிலிர்ப்பு குமுதாவின் உடம்பு முழுக்க ஓடியது. கை தானாகக் குவிந்தது. அப்படியொரு நடிப்பை அவள் எந்தப் பெரிய நடிகரிடமும் பார்த்ததில்லை.

காட்சி முடிந்ததும் அவரிடம் போனாள்.

"அண்ணே, நடிக்க எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

"நடிக்கலம்மா." செல்வம் படத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "போன வருஷம் ஜொகூர்லேருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற வழியில லோரி மோதி, அந்த எடத்துலயே போயிட்டா. அவ அம்மாவுக்கு அப்பத்தான் ஹார்ட் ஆபரேஷன். இப்பச் சொன்னா தாங்க மாட்டாங்கன்னாரு டாக்டர். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பார்க்கிறேன். வாய் வரல. இந்தப் படம் வீட்டுல அத்தே கட்டிலுக்கு நேரா மாட்டியிருக்கும்; அவங்க தூங்குறப்பக் கழட்டிட்டு வந்தேன். ஒரு பூ வைக்க முடியலம்மா என்னால."

குமுதாவுக்குத் தான் பேசிய பேச்சு நெஞ்சில் குத்தியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உடனே வந்தது.

"ஐயோ அண்ணே, இது டிவியில வருமே! அத்தே பார்த்துட்டா?"

செல்வம் மாலையை இன்னொரு தடவை நேராக்கினார்.

"'நாடகத்துக்குத்தான் அத்தே'ன்னு சொல்லிக்கலாம்மா."