ஜன்னலுக்கு நேராக ஒரு கொய்யா

“இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டுங்கப்பா. அப்பத்தான் காத்துக்குச் சாயாது,” என்றாள் மகள். அப்பாவின் தலையில் வெயில் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

லைன்மேன் கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் தெருவுக்கு அவர் லைன்மேன்தான். அந்த வட்டாரத்துக் கரண்டுக் கம்பங்களில் பாதி அவர் தோண்டிய குழிகளில்தான் நிற்கின்றன.

“கொய்யாக் கன்னுக்கு எதுக்கும்மா இம்புட்டு ஆழம்? கம்பமே நட்டுடலாம் போலிருக்கே!”

“வேர் நல்லா இறங்கட்டும்ப்பா. உங்க கைராசிக்குச் சீக்கிரமே காய்ச்சிடும்.”

அவர் முகம் மலர்ந்தது. “என் ரூம் ஜன்னலுக்கு நேரா வருதுல்ல? எனக்குப் படுத்துக்கிட்டே பார்க்கணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல.”

“கண்ணுக்கு முன்னாடியே இருக்கும்ப்பா.”

வியர்வையைத் துடைத்தவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்கள் உடைந்து, தோல் காய்ந்து கிடந்தது. “இது எப்ப வந்துச்சு?”

“இப்பத்தான், கடப்பாரை பிடிச்சதுல.”

கன்றை எடுக்கத் திரும்பியவர், தரையில் கிடந்த பலகையை மிதிக்கப் போனார். மகள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். “அந்தப் பக்கம் போகாதீங்கப்பா, விழுந்து வைக்கப் போறீங்க.”

“மாப்பிள்ளை எங்க? மண்வெட்டியைக் கண்டாலே முதுகு பிடிச்சுக்குமே அவருக்கு!”

“உங்க கட்டிலை அளந்துக்கிட்டு இருக்காரு. புது மெத்தை வாங்கணுமாம்.”

லைன்மேனுக்குக் கண் கலங்கிவிட்டது. “தங்கமான மனுஷன். அவரைப் போய்க் கிண்டல் பண்ணிட்டேனே.”

கன்றை நட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மெல்ல அழுத்தினார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு சொட்டு சிதறாமல் வேரடியில் ஊற்றினார். வாடிக் கிடந்த இலைகளைத் துடைத்தும் விட்டார்.

“உங்கம்மா வந்து பார்த்தா அசந்துடுவா, பாரேன்.”

“ஆமாம்ப்பா,” என்றாள் மகள்.

சாயங்காலம் லைன்மேன் அசதியில் படுத்ததும் மாப்பிள்ளை கொல்லைப்புறம் வந்தார். மகள் கொய்யாக் கன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, பழைய பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை மற்ற மூலைகளில் கிடந்த பலகைகளைக் காலால் தள்ளினார். கீழே மூன்று குழிகள்.

“தினமும் இதே கன்னைத்தான நடுறாரு? சந்தேகமே வரலியா?”

“காலையில எழுந்தா அம்மா செத்ததே ஞாபகம் இல்ல. கன்னா ஞாபகம் இருக்கப்போவுது?”

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அம்மாடி, செடிக்கு இன்னொரு வாளி தண்ணி ஊத்தும்மா!”

“ஊத்தியாச்சுப்பா, தூங்குங்க!” என்று கத்தியவள், புருஷன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு நாலு கம்பத்தையும் நட்டுத் தகரத்தை அடிச்சிடுங்க. அப்பா கட்டில் இதுக்குள்ள அடங்கிடும்.”